நோன்புப் பெருநாள் இரண்டு தடவை வந்த வருடம்

மகன், ஸலாம் சொல்லாமல் தொடங்கினால் நீ இதை அப்படியே மடித்து வைத்துவிடுவாய். ஆகவே முதலில் அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே எல்லாரும் சுகம். வாப்பாவுக்கு நேற்றுச் சீனி கொஞ்சம் கூடியிருந்தது. நான் குளிக்கப் போன நேரம் பார்த்து வட்டிலப்பத்தில் கை வைத்திருக்கிறார், வேறு ஒன்றும் இல்லை. நீ கல்யாணம் முடித்துச் சம்மாந்துறைக்குப் பெண் வீட்டுக்குப் போனதிலிருந்து நாம் தொலைபேசியில் கதைப்பதெல்லாம் ஒரே மாதிரித்தான் போகிறது. நான் ஏதாவது சொல்வேன், நீ "ஓம் உம்மா, ஓம் உம்மா" என்பாய், பின்னால் உன் மாமனார் யாரையோ கூப்பிடுகிற சத்தம் கேட்கும், வைத்துவிடுவாய். அந்த "ஓம் உம்மா"வை நீ பள்ளிக்கூடம் போன காலத்திலேயே எனக்குத் தெரியும். கேட்டுவிட்டேன், ஆனால் செய்யப்போவதில்லை என்று அதற்கு அர்த்தம். அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். கவரை ஒட்டாமலே அனுப்புகிறேன். உன் மனைவியும் வாசிக்கட்டும், பஜாரில் உன் கூட்டாளிமார் கேட்டால் அவர்களுக்கும் கொடு. நம்மைப் போலக் கடை வைத்திருக்கிற எல்லாருக்கும் இதில் ஏதாவது இருக்கும்.

ஹஜ்ஜுப் பெருநாள் போன கையோடு நீ என்னிடம் ஒன்று கேட்டாய். "உம்மா, கடைக்கு நல்ல எக்கவுண்டன் ஒருத்தர வைக்கப் போறன். கணக்கெழுதுற நஸ்லியா ராத்தாவ நிப்பாட்டுவமா? ரெண்டு பேருக்கும் குடுக்க ஏலா." அதே மூச்சில் அக்கரைப்பற்றில் பார்த்த கடையைப் பற்றியும் சொன்னாய். வருகிற திங்கட்கிழமை ஒப்பந்தத்தில் கையெழுத்து, முன்பணமும் அன்றைக்கே. நான் பதில் சொல்லவில்லை. நீயும் அதைக் கவனிக்கவில்லை. கல்முனையில் வாப்பா தொடங்கிய உடுப்புக்கடையை இப்போது நீதான் நடத்துகிறாய், முடிவும் உன்னுடையதுதான். ஆனால் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் விட நான் வளர்ந்த விதம் இடம் கொடுக்கவில்லை. பென்ஷன் எடுக்கும் வரைக்கும் வணிகக் கல்வி படிப்பித்தவள் அல்லவா.

முதல் சிக்கல் அந்தச் சொல்லிலேயே இருக்கிறது. நம் பஜாரில் அன்றன்றைய வியாபாரத்தை எழுதுகிறவரும் எக்கவுண்டன், வருடக் கடைசியில் கணக்கை முடித்து வரிக்குக் கையெழுத்து வைக்கிறவரும் எக்கவுண்டன், கல்லாவில் இருந்து மிச்சக் காசு எண்ணிக் கொடுக்கிற பொடியனைக்கூடச் சில கடைகளில் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். மருந்து கொடுக்கிறவரையும் நோயைக் கண்டுபிடிக்கிறவரையும் ஒரே பேரால் கூப்பிட்டால் ஆஸ்பத்திரியில் என்ன நடக்கும்? நீ நஸ்லியாவை நிறுத்திவிட்டு "பெரிய எக்கவுண்டன்" வைக்கப் போகிறேன் என்றபோது, சின்னக் கடைக்குச் சின்ன ஆள், பெரிய கடைக்குப் பெரிய ஆள் என்று உன் மனதில் ஒரு ஏணி இருப்பது தெரிந்தது. உன்மேல் பிழை இல்லை. ஊரே அந்த ஏணியைத்தான் சாய்த்து வைத்திருக்கிறது.

நீ சின்னப் பிள்ளை, உனக்கு ஞாபகம் இருக்காது. கடை கொஞ்சம் தலையெடுத்த காலத்தில் வாப்பாவிடம் ஒரு கணக்கும் கிடையாது. உடுப்பு வருகிற பெட்டியின் அட்டையைக் கிழித்து அதில் எழுதுவார், அந்த அட்டையை எங்கே வைத்தார் என்பதை அவரே பிறகு தேடுவார். அப்போது வரி அலுவலகத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. மனுசன் பயந்துவிட்டார். கிடைத்த பில்லையெல்லாம் ஒரு அரிசிச் சாக்கில் போட்டுக் கட்டி, மோட்டார் சைக்கிளின் பின்னால் வைத்து, மருதமுனையில் இருந்த ஒரு கணக்காளரிடம் கொண்டுபோய் இறக்கினார். நானும் பின்னால் சாக்கைப் பிடித்துக்கொண்டு போனேன். பார்த்தவர்கள் நாங்கள் நெல்லுக் குற்றப் போகிறோம் என்று நினைத்திருப்பார்கள். அந்த மனுசன் சாக்கை அவிழ்த்துப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார். "காக்கா, நான் இதப் பிரிச்சி அடுக்கித் தாறன். ஆனா நீங்க தாற காசுல முக்காவாசி இந்தக் குப்பைய அடுக்கினதுக்குத்தான் போகும். மிச்சக் காலுக்குத்தான் என்ட மூளை கிடைக்கும். அது உங்களுக்குச் சம்மதமா?" என்று கேட்டார். வாப்பா சம்மதம் என்றார், வேறு வழி? காசையும் கொடுத்தார். அடுத்த மாதமே சாய்ந்தமருதிலிருந்து நஸ்லியா கணக்கெழுதக் கடைக்கு வந்துவிட்டாள்.

அவள் என்ன செய்கிறாள் என்று நீ யோசித்துப் பார்த்ததுண்டா? விற்றது, வாங்கியது, திரும்பி வந்தது, கிழிந்து கழிந்தது எல்லாவற்றையும் அந்தந்த நாளிலேயே எழுதிவிடுகிறாள். கொழும்பு மொத்தக் கடைக்காரருக்குக் கொடுத்த காசோலை எந்தத் தேதிக்கு வங்கிக்குப் போகும் என்று உனக்கு முதல்நாளே சொல்கிறாள். வங்கிக் கூற்றை நம் கணக்கோடு ஒப்பிட்டுப் பார்க்கிறாள். வேலை செய்கிற பிள்ளைகளின் சேமலாப நிதியைப் பிந்தாமல் கட்டுகிறாள். நீ போன வருடம் பூராவும் நிம்மதியாகப் பெண் பார்க்கப் போனாயே, அந்த நிம்மதிக்குப் பாதிக் காரணம் அவள்தான். ஆனால் அக்கரைப்பற்றில் கடை போடலாமா என்று நஸ்லியாவிடம் கேட்டால் அவள் சிரிப்பாள். அது அவள் வேலை இல்லை, அதற்கு அவள் படிக்கவும் இல்லை, அப்படிப் படித்ததாகச் சொல்லவும் இல்லை. நடந்ததைச் சரியாக எழுதுவது ஒரு தொழில். எழுதியதை வைத்து நடக்கப்போவதைச் சொல்வது வேறு தொழில்.

இனி மார்ச் மாதத்துக் கதைக்கு வருகிறேன். வருடக் கணக்கு முடிந்து நஸ்லியா கூட்டிக் கொடுத்த தொகையை எடுத்துக்கொண்டு நீ வீட்டுக்கு ஓடி வந்த பின்னேரம் எனக்கு நல்ல ஞாபகம். செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்தாய். "உம்மா, முந்தின வருசத்த விட எக்கச்சக்கமாக் கூடியிரிக்கி. கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு லாபம்!" வாப்பா அல்ஹம்துலில்லாஹ் என்றார். நான் பக்கத்து வீடுகளுக்கெல்லாம் தொதல் கொடுத்தனுப்பினேன். எங்கள் மூன்று பேருக்கும் சந்தோசத்தில் தலைகால் தெரியவில்லை. உன் தங்கச்சி உன்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நீ அக்கரைப்பற்றுக் கடையைப் பற்றிச் சொன்னதும் அவள் என்ன சொன்னாள் என்று மறந்திருக்க மாட்டாய். "காக்கா முதல்ல கடையத் திறக்கட்டும் உம்மா. ரெண்டு மடங்கு உழைக்கிறவரு எனக்கு ரெண்டு மடங்கு பெரிய வீடு கட்டித் தருவாரு." எல்லாரும் சிரித்தோம். நீ அவள் தலையில் தட்டினாய்.

அந்தச் சிரிப்புக்குப் பிறகு எனக்கு ஒரு நெருடல். வெளியே சொல்லவில்லை. நோன்பு பிறந்ததும் நாம் ஏழைகளுக்குக் கொடுக்க வேண்டிய ஸக்காத்துக்குக் கணக்குப் பார்ப்போமே, கடையில் உள்ள சரக்கு, கையில் உள்ள காசு, வங்கியில் உள்ளது எல்லாம் கூட்டி. இந்த வருடமும் பார்த்தோம். முந்தின நோன்பை விடக் கொஞ்சம்தான் கூடியிருந்தது. வாப்பா அதையே பெரிதாகச் சொல்லிச் சந்தோசப்பட்டார். அந்தக் கணக்குப் பார்த்தது மார்ச் மாதத் தொடக்கத்தில். நீ ஓடி வந்தது அந்த மாதம் முடிந்த கையோடு. கொஞ்சமாக இருந்தது அதற்குள் எப்படி இரண்டு மடங்காகும்? ஒரு மாதத்துக்குள் வானத்திலிருந்தா கொட்டியது? நஸ்லியா பிழை விட்டிருப்பாளோ என்றுகூட நினைத்துவிட்டேன், அல்லாஹ் மன்னிக்கட்டும். அப்போது உன் கல்யாண வேலையும் தொடங்கிவிட்டது. உன்னைக் குழப்ப மனம் வரவில்லை, விட்டுவிட்டேன். போன கிழமை நீ கையெழுத்துப் போடும் நாளைச் சொன்ன பிறகுதான் நஸ்லியாவைக் கூட்டிக்கொண்டு போனேன்.

எங்கே என்றால், மருதமுனைக்கு, அன்றைக்கு அரிசிச் சாக்கை அவிழ்த்த கணக்காளரின் மகனிடம். தகப்பன் மௌத்தாகிவிட்டார், மகன் றிஸ்வி கொழும்பில் படித்துக் கணக்காளராகி, அதே வீட்டு மேல்மாடியில் அலுவலகம் வைத்திருக்கிறார். ஆள் சின்ன வயசு, சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு வேலை செய்கிறார். என்னை டீச்சர் என்றே கூப்பிட்டார். நஸ்லியா கொண்டுவந்ததை எல்லாம் அமைதியாகப் பார்த்தார். "கணக்குல பிழை ஒண்டும் இல்ல டீச்சர். இந்த மாதிரி எழுதிக் கொண்டந்தா என்ட வேலை பாதி முடிஞ்ச மாதிரி" என்றார். நஸ்லியாவின் முகத்தைப் பார்த்தேன், எனக்கே நெஞ்சு குளிர்ந்தது. அப்படியென்றால் என் பிள்ளை உண்மையாகவே இரண்டு மடங்கு உழைத்திருக்கிறான் என்று நினைத்தேன். அப்போதுதான் அவர் கேட்டார்.

"டீச்சர், போன வருச நோன்புப் பெருநாள் எப்ப வந்த?"

"ஏப்ரல்ல. முதல் பாதியில."

"இந்த வருசப் பெருநாள்?"

"மார்ச் கடை..." என்று தொடங்கினேன். எனக்கு விளங்கிவிட்டது.

மகன், உனக்கும் இப்போது விளங்கியிருக்கும். பெருநாள் பிறை பார்த்து வருகிறது, ஒவ்வொரு வருடமும் பத்துப் பதினொரு நாள் முன்னுக்கு நகர்கிறது. வரிக்கணக்கு வருடம் ஏப்ரலில் தொடங்கி மார்ச்சில் முடிகிறது, அது நகர்வதில்லை. ஏப்ரலில் வந்த பெருநாளுக்கு முந்தின, நோன்பின் கடைசிப் பத்து நாள் வியாபாரம் கணக்கு வருடத்தின் தொடக்கத்தில் விழுந்தது. அடுத்த பெருநாள் மார்ச் கடைசிக்குள் வந்து, அந்த வியாபாரமும் அதே வருடத்தின் வாலில் ஒட்டிக்கொண்டது. ஒரு கணக்கு வருடத்துக்குள் இரண்டு நோன்புப் பெருநாள். உடுப்புக்கடைக்கு அந்தக் கடைசிப் பத்துதானே வருடத்தின் உழைப்பு? ஹஜ்ஜுப் பெருநாளுக்கு நம் பக்கத்தில் அவ்வளவாக உடுப்பு எடுப்பதில்லை. நம் வீட்டுச் சுவரில் பள்ளிவாசல் கொடுத்த கலண்டரும் வங்கி கொடுத்த கலண்டரும் பக்கத்தில் பக்கத்தில்தான் தொங்குகின்றன. ஒன்றைப் பார்த்து நோன்பு பிடித்தோம், மற்றதைப் பார்த்து வரி கட்டினோம். இரண்டையும் சேர்த்துப் பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை. இத்தனை வருடம் படிப்பித்த எனக்கும் தோன்றவில்லை. பாடப் புத்தகத்தில் வருகிற கடைகளுக்குப் பெருநாளே கிடையாது!

"ஒரு பெருநாளக் கழிச்சிப் பார்ப்பமா?" என்றார் றிஸ்வி. நஸ்லியா உடனே, "ஏப்ரல் யாவாரம் தனியா வேணுமா சேர்? நாள் நாளா இரிக்கி" என்று எடுத்துக் கொடுத்தாள். அவர் கழித்தார். உன் இரண்டு மடங்கு போய்விட்டது. முந்தின வருடத்தை விடக் கொஞ்சம் கூடுதல், அதுவும் உடுப்பு விலை கூடியதால். நான் திரும்பக் கேட்டேன், அக்கரைப்பற்றில் கடை போட்டால் என்ன ஆகும் என்று. "போடக்கூடாது எண்டு சொல்ல மாட்டன் டீச்சர். ஆனா அடுத்த பெருநாள் இனி வாற மார்ச்சுலதான். அது வரைக்கும் அந்தக் கடை வாடகையும் சம்பளமும் கல்முனைக் கடைதான் இழுக்கணும். இழுக்க ஏலுமா? எனக்கு ஏலும் மாதிரித் தெரியல்ல" என்றார். ஓட்டோவில் திரும்பி வரும்போது நஸ்லியா கவலைப்பட்டாள். "டீச்சர், தம்பி எங்கிட்டக் கேட்டிருந்தா..." என்று தொடங்கி நிறுத்திக்கொண்டாள். "கேட்டாலும் உனக்கும் தோணியிருக்காது கா" என்றேன். அவளும் சிரித்துக்கொண்டு ஓம் என்றாள்.

ஆகவே உன் கேள்விக்கு என் பதில் இதுதான். நஸ்லியாவை நிறுத்தாதே. அவளை நிறுத்திவிட்டுக் கணக்காளரை மாதச் சம்பளத்துக்கு வைத்தால், அவர் உனக்குப் பில் அடுக்கித் தருவார். வாப்பாவின் அரிசிச் சாக்கு வேலைக்குத் திரும்பவும் கணக்காளர் விலை கொடுப்பாய். கணக்காளர் இல்லாமல் நஸ்லியாவை மட்டும் வைத்துக்கொண்டால், கணக்கு அழகாக இருக்கும், அதைப் பார்த்து இது ஏன் இப்படி என்று கேட்க ஒருவரும் இருக்கமாட்டார்கள். தினமும் நஸ்லியா, வருடக் கணக்கு முடிக்கும்போதும், வரி கட்டும்போதும், ஒரு பெரிய காரியத்தில் காலை வைக்கும் முன்னும் றிஸ்வியைப் போல ஒருவர். அவருக்கு மாதச் சம்பளம் தேவையில்லை, வேலைக்கு ஏற்ற கட்டணம் போதும். இரண்டு பேருக்கும் கொடுக்க ஏலாது என்றாயே, ஏலும் மகன். எழுதுகிறவரும் அதைப் பார்க்கிறவரும் வேறு வேறு ஆளாக இருப்பதும் நல்லது, ஒருவர் கண்ணுக்குத் தப்பியது மற்றவருக்குத் தெரியும். முதலில் ஒருவரைத்தான் வைக்கக் காசு இருக்கிறது என்று உன் கூட்டாளி யாராவது கேட்டால், எழுதுகிறவரை வைக்கச் சொல். எழுதாத கணக்கை எந்தக் கணக்காளர் வந்தும் வாசிக்க முடியாது.

இவ்வளவையும் எழுதிவிட்டு ஒரு தேத்தண்ணி குடித்து வந்தேன். ஏனென்றால் இனி எழுதப்போவது கணக்கு இல்லை. நீ ஏன் இவ்வளவு அவசரப்படுகிறாய் என்று எனக்குத் தெரியும். பேராசை என்று நான் ஒரு நாளும் நினைக்கவில்லை. நம் ஊரில் ஆண் பிள்ளை கல்யாணம் முடித்தால் பெண் வீட்டுக்குப் போகிறவன். நீ அங்கே நல்ல மரியாதையாகத்தான் இருக்கிறாய், உன் மாமியார் உனக்குக் கோழியின் நல்ல துண்டைத்தான் வைக்கிறார். இருந்தாலும் அந்த வீட்டில் ஒரு கதிரைகூட நீ வாங்கிப் போட்டதில்லை. மாமனாருக்கு அரிசி ஆலை இருக்கிறது, வாசலில் லொறி நிற்கிறது. அவர் முன்னால் "என்ட ரெண்டாவது கடை" என்று சொல்ல உனக்கு ஒன்று வேண்டும். உன் வாப்பாவும் ஒரு உடுப்புப் பெட்டியோடு இந்த வீட்டுக்கு வந்தவர்தான். என் வாப்பா தங்கமானவர், ஆனால் இன்றைக்கு என்ன மீன் வாங்குவது என்பதைக்கூட அவர்தான் சொல்வார். உன் வாப்பா கடை திறந்தது வியாபார ஆசையால் என்றா நினைக்கிறாய்? தன் காசில் ஒரு மீன் வாங்கி இந்தக் குசினியில் கொண்டுவந்து வைக்க வேண்டும் என்ற ஆசையால். கடை திறந்து கொஞ்ச நாளில் ஒரு பெரிய பாரைக்குட்டி கொண்டுவந்தார். அன்றைக்கு அவர் முகத்தைப் பார்த்து நான் அழுதேன். உனக்கும் அந்த முகம் கிடைக்க வேண்டும், மகன். அதற்காக நான் துஆச் செய்யாத தொழுகை இல்லை. ஆனால் வாப்பா அந்த மீனை வேறு ஒருவருடைய காசில் வாங்கவில்லை.

அது யாருடைய காசு என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அக்கரைப்பற்றுக்கு நீ கொடுக்கப்போகிற முன்பணம் தங்கச்சியின் வீட்டுக்கு ஒதுக்கியது. நம் வளவில் அவள் வீட்டின் சுவர் கூரை மட்டத்துக்கு எழும்பி நிற்கிறது. நீ இரண்டு மடங்கு என்று சொன்னதை நம்பி, என்னிடம் ஒரு சொல் கேட்காமல், அவளே போய் மேசன் பாஸிடம் வேலையை நிறுத்தச் சொல்லிவிட்டாள். கூரை மரத்துக்குச் சொல்லி வைத்ததையும் வேண்டாம் என்றுவிட்டாள். பேசி வைத்திருக்கிற மாப்பிள்ளை வீட்டார் வீடு முடியட்டும் என்று பொறுமையாக இருக்கிறார்கள், எத்தனை காலம் இருப்பார்களோ தெரியாது. அவளோ காக்காவின் கடைப் பலகைக்கு என்ன நிறம் நல்லது என்று யோசித்துக்கொண்டிருக்கிறாள்.

றிஸ்வி சொன்னதை அவளிடம் நான் சொல்லவில்லை. வாப்பாவிடம் சொல்லிவிட்டேன், நஸ்லியா வாய் திறக்கமாட்டாள். உன் கடையை நான் மறித்தேன் என்று இருக்க வேண்டாம், கணக்காளர் மறித்தார் என்றும் இருக்க வேண்டாம். நீ வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து சாப்பாட்டுக்கு வா, மருமகளையும் கூட்டிக்கொண்டு வா. சாப்பிட்ட பிறகு நான் மருமகளை என்னோடு அழைத்துக்கொள்கிறேன். நீ தங்கச்சியைக் கூட்டிக்கொண்டு அந்தக் கூரையில்லாத வீட்டுக்குள் போ. இரண்டு மடங்கு எப்படி வந்தது என்று அவள் முகத்தைப் பார்த்துச் சொல். உன் தங்கச்சியை உனக்குத் தெரியும், அப்போதும் அவள் "பரவால்ல காக்கா, நீங்க போடுங்க" என்றுதான் சொல்வாள். அதைக் கேட்ட பிறகும் உனக்குக் கை வந்தால், திங்கட்கிழமை போய்க் கையெழுத்துப் போடு.

உன் உம்மா